தாது வருஷத்துக் கால்வாய்

எங்கள் குமணன்சாவடிக்கு வடக்கே, திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டு கூவம் ஆறு போகிறது. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும் நீர் அடையாற்றிலே கலக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாதவைபோல் வேறு வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டு சென்னைக் கடற்கரைக்குப் போய்ச் சேரும் இவ்விரண்டு ஆறுகளையும், அவை கடலில் விழுவதற்குச் சற்று முன்னே, சேப்பாக்கத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் ஊடாக ஓடி இணைத்து வைக்கிறது, ஏறக்குறைய 5 மைல் நீளமுள்ள ஒரு வாய்க்கால். பக்கிங்ஹாம் கால்வாய் என்று நாம் வழங்கும் பெரிய நீர்வழியின் ஒரு துண்டு அது. அதனை வெட்டியவர்கள், 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சுட்டெரித்த தாது வருஷப் பஞ்சத்திலே, விதைநெல்லையும் உழவுமாட்டையும் இழந்து, உயிர் ஒன்றையே மிச்சமாகக் கொண்டு நின்ற ஏழை ஜனங்கள்.

இக்கால்வாயின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் என் மனத்தைப் பற்றிக்கொண்டு விடாத விசாரம் தர்மத்தைப் பற்றியது. பசித்து வந்து நிற்பவனிடம், முதலில் இத்தனை கூடை மண் சுமந்து போடு, அப்புறம் உனக்குச் சோறு என்று சொல்வது தானமாகுமா? அவ்வாறு பசியைக் காட்டி வாங்கிய உழைப்பினால் தலைமுறை தலைமுறையாக நிற்கும் ஒரு நன்மை ஊருக்கு விளைந்ததென்றால், அதன் புண்ணியம் யாரைச் சேரும்: பணம் கொடுத்த சர்க்காரையா, பெயர் கொடுத்த பிரபுவையா, மண் சுமந்த மனிதனையா? நீர்நிலை தோண்டுவதையும் பசித்தோர்க்கு அன்னமிடுவதையும் இரண்டு பேரறங்களாகப் போற்றி வந்த ஒரு சமூகத்திலே, அவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற சந்தர்ப்பம் அது என்பதனால், இக்கேள்வியைச் சரித்திரக்காரர்களின் விவகாரமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

கால்வாயின் பிறப்பு பஞ்சத்துக்கு வெகுகாலம் முந்தியது. இங்கிலாந்திலே 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபு, வொர்ஸ்லியிலிருந்த தம்முடைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மான்செஸ்டர் நகரத்தை நோக்கி ஒரு கால்வாய் வெட்டுவித்து, ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் நிபுணரின் சாமர்த்தியத்தினால் அது இர்வெல் ஆற்றின்மேலே பாலமாக ஏறிப் போகும்படி செய்து, அந்நகரத்தில் கரியின் விலையைப் பாதியாகக் குறைத்தார் என்ற செய்தி உலகத்து வர்த்தகர்களுக்கெல்லாம் ஒரு புதிய பாடமாயிற்று. யந்திரத் தொழில் வளருவதற்கு முன்னே அதற்கு வேண்டிய பண்டங்களைச் சுமக்கும் நீர்வழி வேண்டும் என்ற அந்தப் பாடம் சென்னைக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 1801-ல் தொடங்கி 1806-ல் முடிந்த 11 மைல் கால்வாய் ஒன்று சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. அதற்கு முதல் போட்ட பேசில் காக்ரேன் என்னும் வர்த்தகரின் பெயரால் அதனைக் காக்ரேன் கால்வாய் என்றார்கள். பின்னர் அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வடக்கிலும் தெற்கிலும் மெல்ல மெல்ல வளர்ந்து, கிருஷ்ணா நதியின் டெல்டாவிலுள்ள பெத்தகஞ்சாம் முதல் நம்முடைய மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளமுடையதாயிற்று. அதில் 163 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் அடங்கும். கடலையொட்டிக் கிடந்த காயல்களையும் உப்பங்கழிகளையும் ஒன்றோடொன்று கோத்து, கடலேற்றத்தால் வந்து நிற்கும் நீரை மதகுகளால் தேக்கிப் படகு விடுவதே இதன் முறை. ஆகையால் இது பாசனத்துக்கு உதவாத உப்புநீர்க் கால்வாய். போக்குவரத்து ஒன்றுக்காகவே வெட்டப்பட்டது.

வடக்கேயிருந்து உப்பும், ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகும், நெல்லும், சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும் இதன்மேல் தோணிகளில் வந்து இறங்கின. பேசின் பாலத்தருகே உப்பு இறங்கிய இடத்தை இன்றும் ரயில்வேக்காரர்கள் சால்ட் கோட்டர்ஸ் என்றே அழைக்கிறார்கள். எங்கள் ஊரைக் கடந்து கிழக்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை சென்ட்ரல் நிலையத்தை எட்டும்போது அந்தக் கால்வாயைச் சந்திக்கிறது. ஆனால் வண்டிகளின் நெருக்கத்தில் அதனைக் கவனித்துப் போகிறவர்கள் வெகு சிலர். காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கழி ஊன்றியும், அதுவும் பலிக்காத இடத்தில் கரையிலே நடந்து கயிற்றால் இழுத்தும் தோணிக்காரர்கள் இவ்வழியே சென்றார்கள். பாரதிதாசன் 1934-ல் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியேறிப் போன அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக்கினார். உல்லாசப் பயணத்தைப் பாட வந்த கவிஞரின் கண் கரையிலே கயிறு பிடித்து நடக்கும் மனிதனிடத்தில் சென்று நின்றதை நான் பெரிதும் மதிக்கிறேன். இக்கால்வாயைப் பற்றி எழுதுகிற எவரும் கடைசியில் அந்த மனிதனிடத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இத்தனை நீண்ட நீர்வழியிலே சென்னை நகரத்தின் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி கிடந்தது. வடக்கேயிருந்து வந்த கால்வாய் கூவத்தோடு நின்றுவிட, தெற்கே செல்வது அடையாற்றிலிருந்து புறப்பட்டது. நடுவிலே இருந்த அந்த 5 மைலை வெட்டுவதற்கு ஆள் கிடைத்த காலம், 1876-ல் இரண்டு பருவமழையும் பொய்த்துப்போய்த் தென்னாடு முழுவதும் பஞ்சத்தில் விழுந்த காலம். சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பசியினாலும், பசியைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி முதலிய நோய்களினாலும் மடிந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவ்வாண்டுகளிலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து 3 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபுவின் உறுதியான கொள்கை.

சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சத்தின் தொடக்கத்திலேயே அவருடைய அரசாங்கம், வெளியே தெரியாதபடி ஒரு வியாபார நிறுவனத்தின் மூலமாக 30,000 டன் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டது. மேலிடத்து அரசாங்கம் அதனைக் கண்டித்து நிறுத்திற்று. ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கையில் அரிசி வாங்கியதை ஒரு குற்றமாகக் கருதி மறைத்துச் செய்ய வேண்டியிருந்ததென்றால், அக்காலத்து ராஜ்ய தர்மம் எந்நிலையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இன்னொருவர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் ஆங்கில அதிகாரி. 1873-74-ல் வங்காளத்திலும் பீகாரிலும் மழை பொய்த்தபோது, அவர் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாக வழங்கியதனால் பெருஞ்சாவு ஏற்படாமல் தடுக்கப்பட்டது. அந்த நற்செயலுக்காக அவருக்குக் கிடைத்தது வீண்செலவுக்காரர் என்ற வசை. அவ்வசையினால் மனம் சுருங்கிய அந்த மனிதரே 1877-ன் தொடக்கத்தில் பஞ்ச விசாரணைக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலைத்தலங்களில் நாள் முழுவதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியமும், அதன்மேல் சில்லறைக் காசும் போதும் என்று அவர் விதித்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் குறைவு. மாகாணத்தின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனோடு பருப்பும் காய்கறியும் இல்லாவிட்டால் அது மெல்லச் சாகடிப்பதற்கே ஒக்கும் என்று விடாப்பிடியாக வாதாடினார். அவருடைய வாதத்தின் பலனாக, சில வாரங்களுக்குப் பின் படியளவு ஓரளவு உயர்ந்தது. அதிகமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், உண்மையான பசி உள்ளவன்தான் கடினமான வேலைக்கும் குறைவான படிக்கும் இசைவான், ஆகையால் வேலையே பசிக்குப் பரீட்சை என்பது டெம்பிள் முறையின் அடிப்படை. இவ்விடத்திலேதான் நம்முடைய கேள்வி கூர்மை பெறுகிறது.

டெம்பிளின் கட்சியை அவமதித்துப் பேசுவது சுலபம். ஆயினும் அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உழைப்பு மனிதனுக்குக் கௌரவம் தருகிறது. இரந்து உண்பதைவிடக் கூழையேனும் உழைத்து உண்பது மேல் என்று நம் முன்னோரும் எண்ணினார்கள். உடல்வலிமை உள்ளவனுக்கு வேலை வாங்காமல் இலவசமாகச் சோறு போடுவது தம்முடைய அகிம்சைக்கே ஒவ்வாதது என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். 2005-ல் நம் நாட்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஏரியைத் தூர்வாரிக் கூலி பெறுவதை ஏழையின் உரிமையாக்கியது. இவையெல்லாம் நல்லவையாயிருக்க, 1877-ல் நடந்தது மட்டும் ஏன் நெஞ்சை உறுத்துகிறது? இதற்கு விடை தேடி நான் தர்க்க நூல்களுக்குப் போகவில்லை, பெரியபுராணத்துக்குப் போனேன். ஏனெனில் பஞ்சம், படி, காசு, உடலுழைப்பு ஆகிய நான்கும் ஒருங்கே வந்து நிற்கும் ஒரு கதை அங்கே இருக்கிறது.

திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்து நாடெங்கும் பஞ்சம் வந்தது. அடியார்களுக்கு அன்னமிடுவதற்காக இறைவன் நாள்தோறும் கோயிலில் கிழக்குப் பீடத்திலே சம்பந்தருக்கு ஒரு பொற்காசும், மேற்குப் பீடத்திலே அப்பருக்கு ஒரு பொற்காசும் வைத்து அருளினான். அப்பர் பெற்ற காசு குறையற்றது. ஆகையால் அவருடைய மடத்தில் உரிய நேரத்தில் அடுப்பு எரிந்து பந்தி நடந்தது. சம்பந்தர் பெற்ற காசுக்கோ கடைக்காரர்கள் வட்டம் கேட்டார்கள். அதனை மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது ஏறிவிட்டது. இந்த வேறுபாட்டுக்குச் சேக்கிழார் கூறும் காரணம், அப்பர் உழவாரம் பிடித்துக் கையினாலும் தொண்டு செய்தவர் என்பது. சம்பந்தர் தம்மிடத்துள்ள குறையை உணர்ந்து, காசின் வாசி தீர வேண்டுமென்று பதிகம் பாடி, நல்ல காசு பெற்றார்.

உடலுழைப்பின் பெருமையை இதைவிட உயர்த்திச் சொல்ல முடியாது. ஞானக்குழந்தையின் பாட்டைக் காட்டிலும் முதியவரின் உழவாரத்துக்குக் கூலி அதிகம் என்று இறைவனே அளந்து காட்டிய இடம் இது. ஆனால் அந்த அளவு யார் தலையில் வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்புக்குத் தக்க ஏற்றத்தாழ்வு கொடுக்கிறவர்கள் இருவருக்கிடையே நிகழ்ந்தது. உண்ண வந்தவர்களில் எவனையும் பார்த்து, நீ எத்தனை கூடை சுமந்தாய் என்று இரண்டு மடங்களிலும் கேட்டவர் இல்லை. பந்தி தாமதமானபோது அத்தாமதத்துக்குக் காரணமான குறையைச் சம்பந்தர் தம்மிடத்திலே தேடினார். டெம்பிள் முறையில் பரீட்சை முழுவதும் பசித்தவனுடையது. சோறிடுகிறவன் பரீட்சிக்கப்படவே இல்லை. 1877-ன் வேலைத்தலத்துக்கும் வீழிமிழலை மடத்துக்கும் உள்ள தூரம் இதுதான் என்பது என் முடிவு.

எங்களுக்கு அண்டையிலுள்ள திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனாரின் வரலாறு இதனை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்துக் கைப்பொருள் அனைத்தையும் இழந்த அந்த வேளாளர், தாம் இளமையில் கற்றிருந்த சூதாட்டத்தைக் கையிலெடுத்து, ஊர் ஊராகச் சென்று குடந்தை வரை போய், வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாமல் சமையற்காரரிடம் சேர்ப்பித்து, எல்லாரும் உண்ட பின் கடைசிப் பந்தியில் தாம் உண்டார். சூது பாவம் என்பதில் சேக்கிழாருக்கு ஐயமிருந்திராது. இருந்தும் அறுபத்துமூவரில் ஒருவராக மூர்க்கரைப் போற்றிப் பாடினார். பொருள் வந்த வழி அழுக்கானதாயினும் கொடுத்த விதம் மாசற்றதாயிருந்தது என்பதே அதன் தாத்பரியம் என்று நான் கொள்கிறேன். பஞ்ச காலத்து நிவாரண நிதியோ சட்டப்படி வசூலித்த வரிப்பணம். கணக்குப் புத்தகத்தில் ஒரு காசு பிசகியிராது. ஆனால் கொடுத்த விதத்தில் வாங்குகிறவன்மேல் சந்தேகம் கலந்திருந்தது. சந்தேகத்தோடு இட்ட சோறு உடம்பைக் காக்கலாம். அதனைத் தானம் என்று நம் சாஸ்திரங்கள் ஒப்புக்கொள்ளமாட்டா. முன்னால் சொன்ன காந்தியடிகளின் வாக்கும், 2005-ன் சட்டமும் இதனால் பொய்ப்பட்டுவிடவில்லை. திடமாயிருக்கிற மனிதனுக்கு வேலை உரிமையாகிறது. எலும்பும் தோலுமாக நிற்பவனுக்கு அதே வேலை தண்டனையாகிறது. முதலில் சோறு, உடம்பு தேறிய பின் வேலை என்ற வரிசை ஒன்று இருக்கிறது. அந்த வரிசை தவறினால் உழைப்பின் கௌரவத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு அருகதை இல்லை.

மண் சுமந்து சோறு தின்றவர்களில் நம் புராணம் அறிந்த முதன்மையானவன் மதுரைச் சொக்கநாதன். வைகை பெருகிக் கரை உடைந்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அடைக்கச் சொல்ல, பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு ஆள் இல்லாமற்போக, இறைவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டான் என்று திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. வந்தவன் பிட்டை வாங்கித் தின்றான். சிறிது மண் சுமந்தான். பாடினான், ஆடினான், படுத்து உறங்கினான். வந்தியின் பங்கு அடைபடாமலே கிடந்தது. அளந்து பார்த்த அரசன் பொன்பிரம்பால் முதுகில் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசியின் முதுகிலும் கருவிலிருந்த குழந்தையின் மீதும் சராசரம் அனைத்தின் மீதும் விழுந்தது. ஆவணி மூலத்தன்று மதுரையில் ஆண்டுதோறும் கொண்டாடப்படும் இத்திருவிளையாடல் மாணிக்கவாசகர் பொருட்டு நிகழ்ந்தது என்பதனால் அதனை நாம் அவருடைய பெருமைக்காகவே நினைக்கிறோம். அளந்து கூலி கொடுக்கும் அரசுகளுக்கெல்லாம் அது ஓர் எச்சரிக்கை என்பதையும் நினைக்க வேண்டும். கரைவேலைக்கு வந்து, வேலை குறைந்துபோன காரணத்தால் அடிபட்ட உடம்பிலே பரம்பொருள் இருந்தது என்று ஒரு ஜாதியார் நம்புவார்களேயானால், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 1877-ல் கூடை தூக்கி நின்ற உடம்புகளைப் பற்றி அவர்கள் என்ன நினைக்க வேண்டும்?

சிலர் வேறு விதமாகப் பேசுவார்கள். பஞ்சம் என்பது ஜனங்களின் பூர்வகர்ம பலன்; பட்டே தீர வேண்டியதைப் பட்டார்கள்; இதில் ராஜாங்கத்தைக் குறை கூறுவானேன் என்பது அவர்கள் கட்சி. கர்ம சித்தாந்தத்தை நான் நம்புகிறவன். ஆகையாலேயே இந்த வாதம் எனக்குச் சகிக்கவில்லை. என் வினையை நான் ஆராய்வதற்காகக் கொடுக்கப்பட்ட சித்தாந்தத்தை அடுத்தவன் வயிற்றின்மேல் பிரயோகிப்பது அதனைத் தலைகீழாக்குவது. சென்னை ஏழுகிணற்றில் வளர்ந்து, கால்வாய் கடந்து போகிற திருவொற்றியூருக்கு வழிபடச் சென்று வந்த இராமலிங்க அடிகள், 1867-ல் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி, ஜாதியும் ஆசாரமும் விசாரிக்காமல் பசித்தவர் யாவருக்கும் ஆகாரமளிக்க ஏற்பாடு செய்தார். வினைப்பயனாகப் பசித்தவனுக்குச் சோறிடுவது ஈசன் ஆக்ஞைக்கு விரோதமாகாதா என்ற ஆட்சேபத்தை அவரே எடுத்துக்கொண்டு, சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் ஆகாரம் கொடுப்பிக்கிறான் அல்லவா என்று சமாதானம் கூறியிருக்கிறார். பஞ்சம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே, 1874 ஜனவரியில், அவர் சித்திவளாகத்தில் மறைந்தார். சாலையின் அடுப்பு மறையவில்லை. அந்த அடுப்பு எவனிடத்தும் கூடைக் கணக்குக் கேட்டதில்லை.

இனிப் புண்ணியக் கணக்குக்கு வருவோம். யாகம் முதலியவற்றை இஷ்டம் என்றும், கிணறு குளம் வெட்டுதல், சோலை வைத்தல், அன்னசாலை அமைத்தல் ஆகியவற்றைப் பூர்த்தம் என்றும் பிரித்து, பின்னதன் பலனை வெட்டுவித்த கர்த்தாவுக்கே சாஸ்திரங்கள் சேர்க்கின்றன. அரசனும் செட்டியும் தம் பொருளைக் கரைத்து வெட்டுவித்த குளத்துக்கு அந்த நியாயம் பொருந்தும். இங்கே கரைந்த பொருள் எது? சர்க்கார் செலவிட்டது, இந்த ஜனங்களிடமிருந்தே வாங்கிய வரியில் ஒரு சிறு பகுதி. அதன்மேல் கரைந்தது அவர்களுடைய தசையும் இரத்தமும். தம் பொருளை இழந்து பிறர்க்கு நீர்வழி அமைத்தவன் கர்த்தா என்றால், அவர்களை அன்றி வேறு கர்த்தா இல்லை. அவர்கள் விரும்பிச் செய்யவில்லையே, சங்கற்பமில்லாத கர்மத்துக்குப் பலன் உண்டா என்று கேட்கலாம். பெற்ற குழந்தைக்கு அரை வயிற்றுக் கூழேனும் கொண்டுபோக வேண்டுமென்று ஒரு தாய் மண் சுமந்தாளாயின், அதைவிடப் பரிசுத்தமான சங்கற்பம் எந்த யாகசாலையிலும் செய்யப்படுவதில்லை என்பேன்.

அவர்களுடைய பூர்த்தத்தின் பலனை நாம் அநுபவித்தே வருகிறோம். மழைக்காலத்திலே நகரத்து வெள்ளத்தை வாங்கி ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது இக்கால்வாய். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறியபோது, கடலுக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த இந்நீர்வழி பல இடங்களில் அலைநீரைத் தன்னுள் வாங்கி அடக்கி, மேற்கேயிருந்த ஜனங்களைக் காத்தது. கால்வாயை நாம் நடத்திய விதமோ வேறு. ரயிலும் லாரியும் வந்தபின் தோணிகள் குறைந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் போக்குவரத்து அடியோடு நின்றுபோயிற்று. சாக்கடையும் ஆலைக்கழிவும் அதில் விடப்பட்டன. பறக்கும் ரயில்பாதை 1995-ல் சேப்பாக்கம் வரையிலும் 1997-ல் மயிலை வரையிலும் வந்தபோது, தாது வருஷத்தில் வெட்டிய அதே துண்டின் நடுவிலேதான் தூண்கள் இறங்கின. 2008-ல் கால்வாய் தேசிய நீர்வழி 4-ன் அங்கமாகச் சட்டத்தில் இடம்பெற்றது. நகரத்துக்குள் தண்ணீரின் நிறம் இன்னும் மாறவில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் புரண்டு சென்றபோது, வடிகால்களைக் குறுக்கிவைத்த நகரம் எத்தகைய விலை கொடுக்கும் என்பதை எங்கள் பக்கத்தவர் எல்லாரும் கண்டோம்.

மீண்டும் கால்வாயைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு இன்று எழுந்திருக்கிறது. அது அவசியம் நடக்க வேண்டிய காரியம். ஆனால் அக்காரியத்தின் தொடக்கத்திலேயே பழைய கேள்வி புது வேஷத்தில் வந்து நிற்கிறது. நகரத்து நீர்வழிகளின் கரையிலே குடிசை போட்டுப் பிழைக்கும் ஏழைகள் அகற்றப்பட்டு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் முதலிய தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களுடைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஊருக்கு நன்மை விளைய வேண்டும் என்பதற்காக அதன் விலையை மிகவும் இல்லாதவனிடத்தில் வசூலிக்கும் அந்தப் பழைய முறையை, ஆங்கிலேயனைக் குறை கூறிக்கொண்டே நாமும் கைக்கொள்வோமானால், வந்தியின் கூலியாள்மேல் விழுந்த பிரம்படி நம் முதுகில் விழவில்லை என்றே அர்த்தம்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலா வருகிறார்கள். கூவத்தங்கரைத் திருவேற்காட்டு மூர்க்க நாயனாரும் அவர்களோடு, தாது வருஷக் கால்வாய்க்குச் சிறிது தூரத்திலே எழுந்தருளுகிறார். அன்றைக்கு அவ்வீதிகளில் யாரென்று கேளாமல் சோறும் நீர்மோரும் பானகமும் வழங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடத்தில் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சேர்ந்து முயன்றால் சர்க்காரைக் கொண்டு இரண்டு காரியங்களை நீங்கள் செய்விக்க முடியும். கால்வாய்க் கரையிலிருந்து எந்தக் குடும்பத்தையும் எழுப்புவதற்கு முன்னே, பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் அதற்கு வீடு கொடுக்கப்பட வேண்டும். கூவத்திலிருந்து அடையாறு வரையுள்ள இந்தப் பகுதி 1876-78-ன் பஞ்சத்தில் பசித்த மக்களால் வெட்டப்பட்டது என்று தமிழில் எழுதிய ஒரு கல், எல்லாரும் பார்க்கும் இடமாகத் திருமயிலை ரயில் நிலையத்து வாசலில் நடப்பட வேண்டும். பிரபுவின் பெயர் கால்வாய்க்கு இருக்கட்டும். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. வெட்டியவர்களுக்கு ஒரு கல் வேண்டும் என்று கேட்கிறேன்.